கடல் இல்லாத புத்துலகம்!

“சார்! உலகம் சீக்கிரம் முடிந்துவிடப் போகிறதாமே; பிறகு எதற்குப் பரீட்சை?”

பொம்மையார்பாளையத்துக் கடலோரச் சிறுவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. கையிலே ஒரு துண்டறிக்கை. அதிலே, ஏழு தலையும் பத்துக் கொம்பும் உடைய விலங்கொன்று கடலிலிருந்து எழும் படம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அதற்கு முன்னறிவிப்பு என்று கீழே விளக்கம். அவன் குடும்பம் அந்த அலையிலே வலையையும் படகையும் இழந்த குடும்பம். அவன் பிறக்குமுன் நடந்த கொடுமைதான்; எனினும் அந்த அச்சம் இன்னும் அவன் வீட்டிலே குடியிருக்கிறது. குடியிருக்கும் அச்சத்தின் கதவைத் தட்டி வாடகை கேட்க வந்திருக்கிறது துண்டறிக்கை!

நகைத்து அனுப்பியிருக்கலாம். “பத்துக் கொம்பா? எந்தக் காட்டில்?” என்று கேட்பது எளிது. நம் மேடைகளிலே அவ்வாறு கேட்டுக் கைதட்டல் பெற்றதும் உண்டு. ஆனால், தோழர்களே, எண்ணிப் பாருங்கள்: அந்த நகைப்பும் அந்தத் துண்டறிக்கையும் செய்யும் பிழை ஒன்றே. விலங்கு வரும் என்று மிரட்டுகிறது ஒன்று. விலங்காவது வருவதாவது என்று கேலி பேசுகிறது மற்றொன்று. அந்த விலங்கு யார் என்று இரண்டுமே கேட்பதில்லை. உருவகத்தை உருவகமாகப் படிக்க இருவருமே மறுக்கின்றனர்.

உருவகத்தைப் படிக்கும் முறை தமிழனுக்குப் புதிதன்று. உள்ளுறை உவமத்துக்கு இலக்கணம் கண்டவர் தொல்காப்பியர். சொல்லாத பொருளை எங்கே தேட வேண்டும் என்கிறார்? பாடல் பிறந்த நிலத்தின் கருப்பொருளிலே. அதிலும், தெய்வத்தை நீக்கிவிட்டு எஞ்சிய கருப்பொருளிலே! அந்த நிலத்து மரம், விலங்கு, தொழில், உணவு ஆகியவற்றைக் கொண்டே உள்ளே உறையும் பொருளை உணர வேண்டும். இந்த அளவுகோலைக் கையிலே எடுத்துக்கொண்டு விவிலியத்தின் இறுதி ஏடான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறப்போம்.

அது பிறந்த இடம் எது? ஆசியா மைனரின் கரையோரம், பத்மு தீவு. காலம்? உரோமாபுரியின் மன்னன் டொமீசியன் ஆண்ட கி.பி. 81–96 காலத்தின் இறுதி என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எழுதியவர் உரோமை ஆட்சியின்கீழ் நசுங்கிய சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர். பேரரசனைக் கடவுள் என்று வணங்கச் சொன்ன காலம் அது. வணங்க மறுப்பது குற்றமாய் நின்ற காலம். எதிரியின் பெயரைச் சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் நெஞ்சு வேகும். ஆகவே உரோமாபுரிக்குப் பாபிலோன் என்று பழைய பகைவனின் பெயரைச் சூட்டினார். விலங்கின் ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று பதினேழாம் அதிகாரத்திலே அந்நூலே உரை கூறுகிறது. ஏழு குன்றுகளின்மேல் வீற்றிருந்த நகர் எது என்பதை அன்றைய சிறுபிள்ளையும் அறியும்.

அறுநூற்று அறுபத்தாறு என்ற எண்ணைக் காட்டிப் பொருள்களின் மேல் அச்சிடும் கோடுகளையும், ஆதார் எண்ணையும், 2021இல் நோய்த் தடுப்பூசியையும் கண்டு அஞ்சச் சொன்னோர் உண்டு. எழுத்தையே எண்ணாக வழங்கிய காலத்துச் சொல்விளையாட்டு அது. நம் பழைய கணக்கிலே ‘அ’ எட்டு, ‘வ’ கால். ஔவையின் பெயரால் வழங்கும் தனிப்பாட்டொன்றில் எட்டும் காலும் கூடி ‘அவ’ என்ற வசையாவதைப் பள்ளியிலே படித்துச் சிரித்திருக்கிறோம். அதே விளையாட்டுத்தான் இது. நீரோ மன்னனின் பெயரை எபிரேய எழுத்தில் ‘நேரோன் கேசர்’ என்று எழுதிக் கூட்டினால் 666. இறுதி ‘ன்’ இல்லாமல் எழுதினால் 616. விவிலியத்தின் பழம்படிகள் சிலவற்றிலே 616 என்றே இருப்பது இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. கொடுங்கோலனை ஏசிய வசை, ஊசிபோட வந்த செவிலியைக் கண்டு ஓடச் செய்யும் மந்திரமாகிவிட்டது!

இனி, நம் கரைக்கு வருவோம். புதிய வானமும் புதிய பூமியும் தோன்றும்போது கடல் இராது என்கிறது அந்நூலின் இருபத்தொன்றாம் அதிகாரம். கடல் இல்லாத உலகமா பேரின்பம்? பொம்மையார்பாளையத்து மீனவனைக் கேளுங்கள். மரக்காணத்து உப்பளத்திலே வெயிலில் வேகும் தொழிலாளியைக் கேளுங்கள். கடல் இல்லையேல் மீன் இல்லை, உப்பு இல்லை, உலை இல்லை. நெய்தல் நிலத்துக்கு அது வரமன்று; சாவு. ஆனால், எழுதியவரின் நிலத்திலே நின்று பாருங்கள். இஸ்ரவேலரின் பழங்கதைகளில் கடல், ஒழுங்கைக் குலைக்கும் கொடிய ஆற்றல். உரோமையின் படையும் வரியும் ஏறிவந்த வழி அது. தீவிலே ஒதுக்கப்பட்டவர் அவர் என்பது மரபு. அவருக்கோ அது சிறைச்சுவர். கடல் இராது என்பது, சிறைச்சுவர் இராது என்ற ஏக்கம். ஒரே கடல், அவருக்குச் சிறை, நமக்குச் சோறு. எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் எழுதிவைத்த நாட்குறிப்பு அதுவென்றால், இந்த வேறுபாட்டுக்கு என்ன விடை?

அந்நூலுக்கும் நம் கரைக்கும் வேறோர் உறவு உண்டு. பதினெட்டாம் அதிகாரத்திலே, உரோமை வீழ்ந்ததென்று வணிகர்கள் அழுகிறார்கள். வாங்குவாரற்ற சரக்குகளின் பட்டியல் வருகிறது. பொன், முத்து, பட்டு, தந்தம் என்று நீண்டு, கடைசியிலே அடிமைகளில், மனித உயிர்களில் வந்து முடிகிறது. முத்தும் தந்தமும் தமிழகத் துறைகளிலிருந்து உரோமைக்குப் போனவை. புதுவைக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது உரோமை வணிகத்தின் மதுச்சாடிகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. கிரேக்கர் குறித்த ‘சோபட்மா’ துறை நம் மரக்காணமே என்போரும் உளர். மனிதனையும் சரக்காக்கிய வணிகத்தை அன்றே ஒருவன் பட்டியலிட்டுச் சுட்டினான். அந்தப் பக்கத்தைப் பிரசங்கி படிப்பதில்லை, பகுத்தறிவாளனும் படிப்பதில்லை. கொம்பை எண்ணவே இருவருக்கும் நேரம் போய்விடுகிறது!

தானியேல் நூலின் நான்கு விலங்குகளும் இவ்வாறே. எருசலேம் ஆலயத்தைக் கி.மு. 167இல் தீட்டுப்படுத்திய நான்காம் அந்தியோக்கஸின் கொடுமைக்கு நடுவே எழுந்த நூல் அது. பழைய காலத்தவர் வருவதுரைத்ததுபோல் புனையப்பட்டது. இதை மூன்றாம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னவர் போர்பிரி என்னும் அறிஞர். அவருடைய நூல்களைக் கொளுத்தும்படி 448இல் பேரரசாணை பிறந்தது. அவர் கருத்து நமக்குக் கிடைப்பது, அவரை மறுத்து எழுதிய ஜெரோமின் உரையினாலே! நெருப்புக்குத் தப்பியது உண்மை.

காலத்தை மறந்து கணக்கைப் பிடித்தவர்கள் கண்டதென்ன? அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேலின் நாட்களை ஆண்டுகளாக்கிக் கணக்கிட்டார். அவர் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தனர். விளைச்சலை அறுக்காமல் விட்டோரும் இருந்தனர். மறுநாள் கதிரவன் வழக்கம்போல் எழுந்தான். அண்டைத் திருவிதாங்கூரில், பாலக்காட்டுத் தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்திலே பிறந்து கிறித்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு, நல்ல பாடலாசிரியர். 1881இல் கிறித்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, போயிற்று. இது ஒரு மதத்தின் நோய் மட்டுமன்று. 1962 பிப்ரவரியில் எட்டுக் கோள்கள் மகரத்தில் கூடுகின்றன, உலகம் அழியும் என்று இந்த நாடே வேள்விப் புகையிலே மூழ்கவில்லையா?

பெட்ரண்டு ரசல் 1927இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையிலே ஒரு பாதிரியாரைக் குறிப்பிடுகிறார். உலக முடிவு நெருங்கிவிட்டதென்று சபையை அவர் நடுங்கவைத்தாராம். அவரே தம் தோட்டத்தில் மரக்கன்று நடுவதைக் கண்டபின் சபைக்கு ஆறுதல் பிறந்ததாம். துண்டறிக்கை அச்சிடுவோர், அடுத்த ஆண்டுக்கும் அரங்கம் முன்பதிவு செய்கிறார்களா என்று பாருங்கள், போதும்.

சிறுவனுக்கு நான் சொன்னது இது: “தம்பி! இந்த விலங்கு செத்து நூற்றாண்டுகள் பலவாகின்றன. அதனால் துன்புற்றவன், தன் காலத்துக் கொடியவனைத் தன் மொழியிலே ஏசினான். அந்தத் துணிவைக் கற்றுக்கொள்; அச்சத்தை விட்டுவிடு. அலை ஏன் வந்தது என்பதற்குச் சுமத்திரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம் காரணம். அது உன் பாடநூலிலே இருக்கிறது. நாளைப் பரீட்சையில் கேட்டாலும் கேட்பார்கள்.”

துண்டறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கிழித்தெறியவில்லை. வீட்டில் தாய்க்கு அந்த விலங்கு யாரென்று விளக்கப் போவதாகச் சொன்னான்.

கேலி செய்து அனுப்பியிருந்தால், அந்த வீட்டுக்குள் நாம் நுழைந்திருக்க முடியாது.