யானையும் எழுத்தும்

யானையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். யானையோடு ஒரே மண்ணைப் பங்கிட்டு வாழும் கமக்காரனைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. எழுத்தில் நேர்ந்த இக்குறைபாட்டுக்கு உயிர்கள் விலை கொடுக்கின்றன என்பதே நாம் கூற விரும்புவது.

இலங்கை வேட்டை பற்றி 1854இல் சாமுவேல் பேக்கர் வெளியிட்ட நூலை எடுத்துக்கொள்வோம். நடையின் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே யானை துரைமாரின் வீரத்துக்கு இலக்கு. கிராமத்தவர் வழிகாட்டிகளும் சுமைகாவிகளுமே. 1845இல் இறந்த மேஜர் றோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியிருந்தார். காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டம் வளர்த்த ஆட்சியின் பார்வை வேறெவ்வாறு இருக்கும்?

லெனாட் வூல்வின் 1913ஆம் ஆண்டு நாவல் வேறு வகையானது. அம்பாந்தோட்டையில் அரச அதிகாரியாயிருந்த அவர், பெத்தகம என்ற குக்கிராமத்தைக் காடு விழுங்குவதைச் சித்திரிக்கிறார். காடு புகுமுன்பே கடனும், சேனை உத்தரவைக் கைப்பிடியில் வைத்திருந்த தலைமைக்காரனும் அக்கிராமத்தை அரித்துவிட்டமையை அவர் மறைக்கவில்லை. அந்நூல் இன்றும் நிலைத்திருப்பது அதனாலேயே.

நமது குறிஞ்சிப் பாடல்களிலும் தினைப்புனமும் பரணும் கவணும் உண்டு. காவலுழைப்பு அங்கே காதலுக்குப் பின்னணியாயினும், யானை வரும் புனத்தில் மனிதர் விழித்திருந்தனர் என்ற செய்தி மறையவில்லை.

இன்றைய பத்திரிகைகளோ ‘யானைகள் அட்டகாசம்’ என்று தலைப்பிட்டுத் திருப்தியடைகின்றன. 2019 முதல் 2024 வரை ஆண்டுதோறும் இந்நாட்டில் மனிதர் நூற்றுக்கு மேலாகவும் யானைகள் முந்நூற்றுக்கு மேலாகவும் மடிந்துள்ளமைக்கு அச்சொல் விளக்கமாகுமா? யானைகளின் வாழிடத்திற் பெரும்பகுதி சரணாலயங்களுக்கு வெளியே, மக்கள் வாழும் நிலத்திலேயே உள்ளது. அவற்றைத் துரத்திச் சரணாலயத்துள் அடைத்து எல்லையில் மின்வேலி போடும் முறை பலிக்கவில்லை. வேலிக்கு இருபுறமும் யானைகள் நின்றன. உள்ளே அடைபட்டவை பட்டினி கிடந்தன.

கல்கமுவப் பகுதியில் ஆய்வாளரும் கமக்காரரும் கூடி வேறு வழி கண்டனர். வேலி ஊரையும் வயலையும் சுற்றியே அமையும். வயல்வேலியை விதைப்புக் காலத்தில் கமக்காரரே நடுவர். அறுவடை முடிந்ததும் கழற்றுவர். எஞ்சிய தாளை யானை மேயும். 2020இல் வரையப்பட்ட தேசிய செயற்றிட்டமும் இவ்வழியையே முன்வைத்தது.

இங்கும் மயக்கம் வேண்டாம். வேலிச் செலவும் இராக்காவலும் ஏழைக் கமக்காரன் தலையில், உல்லாசப் பயண வருவாய் பிறர் கையில் என்றால், அதைக் கூட்டு முயற்சி என்பது சொல்லுக்கே இழுக்கு.

இம்முரண்பாடுகளைத் தாங்கிய தமிழ்க் கதை எங்கே? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வவுனியாவிலும் பரணில் விழித்திருப்பவன் தமிழ் பேசுகிறான். அவனது அச்சத்தையும், வெடி மறைத்த பூசணிக்காயைக் கடித்து வாய் சிதைந்து பட்டினியாற் சாகும் யானையின் வேதனையையும் ஒரே நேர்மையுடன் எழுதும் பேனாவையே நாம் வேண்டி நிற்கிறோம்.