கருவிக்கு ஒரு பாயிரம்: நாணய மாற்றுக் கருவிகளின் விளக்கவுரை பற்றிய ஒரு நோக்கு

நூலின் முகப்பிலே நிற்கும் பாயிரம் வெறும் அலங்காரமன்று என்பதை நன்னூல் கற்றோர் அறிவர். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப் பாயிரம் காட்டல் வேண்டும் என்பது பவணந்தியார் கொள்கை. நல்லூர் ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியே இதனைக் கற்ற யாழ்ப்பாணத்தார் பலர். இலக்கியத்துக்கு வெகுதூரத்தில் நிற்பதாகத் தோன்றும் ஓர் உரைநடைக்கும் இந்த அளவுகோல் பொருந்துகின்றது. செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கென எழுதப்படும் கருவி விளக்கமே அவ்வுரைநடை.

மொழிமாதிரியொன்று தன் நினைவிலிருந்து மட்டும் விடைகூறாது, வெளியேயுள்ள நிரல்களைக் கருவிகளாக அழைத்துக் காரியத்தை முடிக்கும்போது அதனை முகவர் என்பர். 2024 நவம்பரில் அந்திரொப்பிக் நிறுவனம் வெளியிட்ட ‘மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டோகோல்’ என்னும் ஒழுங்கின்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், இயல்பான மொழியில் ஒரு விளக்கமும், அது ஏற்கும் உள்ளீடுகளின் வரையறையும் உண்டு. முகவர் படித்து முடிவெடுப்பது இவற்றைக் கொண்டே. ஐயம் எழுந்தால் எழுதியவரிடம் சென்று கேட்கும் வாய்ப்பு அந்த வாசகருக்கு இல்லை. எனவே எட்டனுள் ‘எல்லை’யும் ‘கேட்போ’ரும் இவ்விடத்துப் பெறும் முக்கியத்துவம் பெரிது.

‘ஒரு நாணயத்தை இன்னொரு நாணயமாக மாற்றும்’ என ஒரே வரியில் அமையும் விளக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வழுவற்ற வாக்கியந்தான். ஆயின், ரொறன்ரோவிலிருந்து மகன் அனுப்பும் 500 டொலர் எவ்வளவு ரூபாயாகும் என்று பருத்தித்துறைத் தாயொருத்தி கேட்கும்போது அவ்வாக்கியம் எதற்கும் உதவாது. டொலர் கனடாவினதா, அமெரிக்காவினதா, அவுஸ்திரேலியாவினதா? ரூபாய் என்ற பெயரோ இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், மொரிஷியஸ், சீஷெல்ஸ் ஆகிய நாடுகளுக்கெல்லாம் பொது. இம்மயக்கத்தைத் தீர்க்கவே ஐ.எஸ்.ஓ. 4217 என்னும் நியமம் மூன்றெழுத்துக் குறியீடுகளை வகுத்துள்ளது. இலங்கை ரூபாய் எல்.கே.ஆர்.; இந்திய ரூபாய் ஐ.என்.ஆர். குறியீட்டை மட்டுமே கருவி ஏற்கும் என்றும், நாடு தெளிவில்லாதவிடத்துக் கேட்டவரிடமே வினவவேண்டும் என்றும் விளக்கம் சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லாதுவிடின் நன்னூலார் கூறும் ‘மயங்க வைத்தல்’ என்ற குற்றம் நேர்கின்றது.

இதனினும் கடுமையானது எல்லை கூறாமை. ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாள்தோறும் யூரோவுக்கெதிரான குறிப்பு விகிதங்களை இலவசமாக வெளியிடுவதால், அவற்றை ஆதாரமாகக் கொண்ட கருவிகள் பல எழுந்துள்ளன. அப்பட்டியலிலே ஏறத்தாழ முப்பது நாணயங்களே உள்ளன. இந்திய ரூபாய் அவற்றுள் ஒன்று. இலங்கை ரூபாய் அங்கு இல்லை. அப்பட்டியலை மட்டும் நம்பும் கருவி ‘உலக நாணயங்களை மாற்றும்’ என்று தன்னை அறிமுகஞ்செய்தால், அது குடாநாட்டு வாசகருக்குக் கூறும் பொய்யாகும். எழுதியோர் அதனை வேண்டுமென்று செய்தனர் என்பதில்லை. கேட்போர் யாரென எண்ணாமையின் விளைவே அது.

எல்லை கூறப்படாதபோது முகவர் என்ன செய்கின்றது? கருவி வெறுங்கையுடன் திரும்பினால், தான் முன்னர் கற்ற எழுத்துக்களிலிருந்து ஒரு விகிதத்தை நினைவுகூர்ந்து விடை புனையக்கூடும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. அவ்விரு காலத்து எழுத்துக்களும் மாதிரியின் நினைவில் அருகருகே கிடக்கின்றன. எந்த எண் வெளிவரும் என்று யாரும் உறுதிகூற இயலாது. எது வந்தாலும் அது நம்பிக்கையான தொனியிலேயே வரும். வெளிநாட்டுக் காசை எண்ணிச் சீட்டுக்கட்டும் வீட்டுக்கு இது சொற்சிலம்பமன்று. ஆகவே ‘இக்குறியீடு இம்மூலத்தில் இல்லை, விகிதத்தை ஊகிக்க வேண்டாம்’ என்று கருவி திருப்பியனுப்பும் பிழைச்செய்தியும் பாயிரத்தின் பகுதியாகவே கொள்ளத்தக்கது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. கருவி விளக்கங்கள் மாதிரியின் வரையறுக்கப்பட்ட வாசிப்பு வெளியை நிரப்புவன. பல கருவிகள் சேரும்போது ஒவ்வொன்றும் நீளமாய்ப் பேசினால் முகவர் தடுமாறும். ‘மிகைபடக் கூறலும்’ குற்றமே என்பது உண்மை. கட்டளைச் சொற்களை அடுக்கி முகவரை மிரட்டும் விளக்கங்கள் படிப்போர்க்கு எரிச்சலையே தருகின்றன. எனினும், காசு பற்றிய கருவியில் ‘குன்றக் கூறல்’ கூடிய தீங்கு செய்வது. மூலம், குறியீடு, எல்லை, விகிதத்தின் திகதி ஆகிய நான்கையும் நான்கு குறுவாக்கியங்களில் அடக்கலாம்.

விகிதத்தின் இயல்பைக் கூறுவதும் தவிர்க்கவியலாதது. இலங்கை வங்கிகள் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை வேறொன்று. குறிப்பு விகிதம் இவ்விரண்டுமன்று. தன் விகிதங்கள் தகவலுக்கானவையே என்று ஐரோப்பிய மத்திய வங்கியே கூறுகின்றது. 2022 தொடக்கத்தில் வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இடையிலிருந்த இடைவெளியை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தாய்க்கு வேண்டியது கையில் வந்துசேரும் தொகை. கருவி தருவது அதுவன்று என்பதை விளக்கமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பவுண் என்ற சொல் இன்னொரு வேடிக்கை. யாழ்ப்பாண வழக்கில் அது இலண்டன் காசையும் குறிக்கும். எட்டுக் கிராம் பொன்னையும் குறிக்கும். ‘மூன்று பவுண் எவ்வளவு?’ என்ற கேள்வி கலியாண வீட்டிலிருந்து வந்ததா, இலண்டனிலுள்ள மகளிடமிருந்து வந்ததா என்பதைக் கருவி அறியாது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விளக்கம் இதனை எதிர்பார்த்திருக்கவும் நியாயமில்லை. தமிழில் வினாக்களை ஏற்கும் கருவியோ, தன் உள்ளீட்டு வரையறையில் பொன் தன் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஒரு வரி எழுதியாகவேண்டும்.