கோடு போடாத காடு

கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்த செய்தி வந்ததிலிருந்து, தமிழர் அப்போதே சதுரங்கம் ஆடினார்கள் என்ற பேச்சு மேடைக்கு மேடை கேட்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அது இன்னும் உரத்தது. காய் கிடைப்பது வேறு, ஆட்டத்தின் விதி கிடைப்பது வேறு. மண்ணிலிருந்து எடுத்த ஒரு காய் எந்தப் பலகையில், எந்தத் திசையில், எதை வெட்ட நகர்ந்தது என்பதை அந்தக் காயே சொல்லிவிடாது. ஆதாரம் தாங்காத இந்தப் பெருமிதத்தால் ஓர் இழப்பும் நேர்ந்திருக்கிறது. கீழடி இருக்கும் அதே சிவகங்கைச் சீமையில் விதியோடும் ஆடுகிறவர்களோடும் இன்றுவரை உயிரோடிருக்கும் ஆடுபுலி ஆட்டத்தை, தொன்மை தேடுகிறவர்களும் புதிய ஆட்டம் வடிவமைக்கிறவர்களும் ஒருசேர மறந்துவிட்டார்கள்.

இருவர் ஆடும் நம் ஆட்டங்களின் வரலாற்றில் பெரும்பகுதி வாசகர்கள் அறிந்ததுதான். பதினான்கு குழிப் பல்லாங்குழி கணக்கறிவைத் தீட்டியது. தாயம் அதிர்ஷ்டத்துக்கு இடம் விட்டது. சதுரங்க வல்லபநாதராகச் சிவனே காய் நகர்த்திய திருப்பூவனூர்த் தலபுராணம் உண்டு. 1961இல் மானுவல் ஆரன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார், 1988இல் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2024இல் குகேஷ் உலகப் பட்டம் வென்றார். இந்தப் பளபளப்பில் சதுரங்கம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. செட்டிநாட்டு வீடுகளின் பல்லாங்குழிப் பலகைகளோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆடுபுலி ஆட்டத்துக்கோ பெரும்பாலும் தனிப் பலகையே தேவைப்படவில்லை. கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் செதுக்கிய கோடுகளே அதன் பலகை.

அந்தக் கோடுகளுக்குள் இருக்கும் சிந்தனை வியக்கத்தக்கது. இருபத்துமூன்று புள்ளிகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது, புலியை நகரவிடாமல் அடைப்பதுதான் அதன் வெற்றி. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. சதுரங்கத்தில் சமபலமுள்ள இரு அரசர்கள் மோதுகிறார்கள். இங்கே பலமும் ஆயுதமும் நோக்கமும் வேறுபட்ட இரு தரப்புகள் மோதுகின்றன. இப்படி ஏற்றத்தாழ்வோடு தொடங்கும் ஆட்டம் நியாயமாக இருக்குமா என்று கேட்கலாம். நேபாளத்தின் பாக் சால் இதே குடும்பம், நான்கு புலி இருபது ஆடு. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அது சமனில் முடியும் என்று கணினி ஆய்வு நிறுவியிருக்கிறது. பலம் சமமாக இல்லாமலும் ஆட்டம் சமமாக இருக்க முடியும்.

உலகின் வரலாற்றுப் போர் ஆட்டங்கள் சில, கடந்த இருபது ஆண்டுகளில் விரிவாக்கம், சமமற்ற தரப்பு என்ற இரு வழிகளில் வளர்ந்திருக்கின்றன. ரிச்சர்ட் போர்க் 2006இல் வெளியிட்ட 'கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்' ரோமையும் கார்த்தேஜையும் வைத்துத் தொடங்கியது. அடிப்படை விதி மாறாமல், புதிய படைகளும் புதிய போர்க்களங்களும் கொண்ட விரிவாக்கப் பெட்டிகள் அடுத்தடுத்து வந்தன. 2019இல் வந்த 'காந்தி' என்ற ஆட்டத்தில் ஆங்கில அரசும் காங்கிரஸும் வெவ்வேறு விதிகளில் ஆடுகின்றன. நமக்கும் இதுவே வழி. ஆடுபுலி ஆட்டத்தை அடிப்படைப் பெட்டியாகக் கொண்டு, காளையார்கோவில் போரை அதன் முதல் விரிவாக்கமாக்க வேண்டும்.

இது இழுத்துப் பிடித்த பொருத்தம் அல்ல. 1801 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கும்பெனியின் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிச் சாலை போட முயன்றது. ஏறக்குறைய ஒரு மாதம் மரம் வெட்டினார்கள், நாள்தோறும் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களுடைய ஆட்கள் தாக்கினார்கள். கடைசியில் வேலையைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது. ஆடுபுலிப் பலகையில் கோடு இருக்கும் இடத்தில்தான் காய் நகரும். அக்னியூவுக்குக் கோடே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அவரே கோடு போட வேண்டியிருந்தது. விரிவாக்கத்துக்குத் தேவையான முதல் புதிய விதி இதுதான்: புலி ஒரு முறை நகரலாம், அல்லது ஒரு கோடு வரையலாம். ஆடு அந்தக் கோட்டின் மேல் நின்று அதை அடைக்கலாம்.

அப்படியானால் மருது சகோதரர்கள் ஆடுகளா என்ற கோபம் எழும். அவர்களைப் புலி என்றே பாடிப் பழகியிருக்கிறோம். ஆனால் புலியின் இலக்கணம் என்ன? எண்ணிக்கையில் குறைவு, வெட்டும் வலிமை, சூழப்பட்டால் தோல்வி. பீரங்கியோடு காட்டுக்குள் வந்த கும்பெனிப் படைக்குத்தான் இது பொருந்தும். ஊர் ஊராகத் திரண்டு வழியை மறித்தவர்கள் ஆட்டின் முறையில் போரிட்டார்கள், ஒரு மாதம் வென்றும் காட்டினார்கள். தனிவீரனின் வளரி வீச்சை மட்டும் போற்றும் நம் சினிமாப் பார்வை, இந்தக் கூட்டுத் திறமையை மங்கச் செய்துவிட்டது.

திருப்பத்தூரில் அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்டவர்களின் கதையை விளையாட்டாக்கலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. சிலையும் குருபூஜையும் அவர்களை வணங்கக் கற்றுத்தருகின்றன. எந்த வழியை மறிப்பது, எந்த ஊரை விட்டுக்கொடுப்பது என்று அவர்கள் எடுத்த முடிவுகளின் சுமையை உணரவைக்க ஆட்டத்தால் முடியும். காட்டில் தோற்ற அக்னியூ, செப்டம்பரில் சோழபுரத்தில் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக அறிவித்து மருதிருவரின் ஆதரவாளர்களைப் பிரித்தார். அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் விழுந்தது. இந்தப் பிளவும் விரிவாக்கத்தில் ஒரு விதியாக வேண்டும்: ஆட்டத்தின் நடுவே சில ஆடுகள் நகர மறுக்கும். அவை எவை, எப்போது என்பதை மருதிருவர் பக்கம் ஆடுகிறவர் முன்கூட்டியே அறிந்திருக்கக் கூடாது. எந்த ஆடுகள் என்பது மூடிய சீட்டுகளில் இருக்க வேண்டும். சீட்டைத் திறக்கும் நேரத்தைத் தேர்வது கும்பெனித் தரப்பின் உரிமையாக இருக்க வேண்டும்.