படுக்கை ஓய்வு

2021 மே மாதம், சென்னையில் ரெம்டெசிவிர் வாங்க வெயிலில் வரிசையில் நின்றேன். மாமாவுக்கு ஆறு குப்பி. அவர் பிழைத்து வந்தார். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆற்றிக்கொண்டே அத்தை சொல்வார்: "அந்த ஊசி மட்டும் இல்லன்னா இந்த மனுஷன் இல்லப்பா. இவன்தான் நின்னு வாங்கிட்டு வந்தான்." நான் தலையாட்டுவேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வைப் பிறகுதான் படித்தேன். 2020 டிசம்பர் கணக்குப்படி, அந்த மருந்தைப் பெற்ற 2743 பேரில் 301 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 2708 பேரில் 303 பேர். அதே வருடம் பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே நூற்றுக்கு 41 ஆக இருந்த சாவை 29 ஆகக் குறைத்தது டெக்சாமெத்தசோன். தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கிற பழைய, மலிவான மருந்து. மாமாவுக்கும் அதைக் கொடுத்தார்கள். ஆனால் அத்தையின் கதையில் அதற்கு இடமில்லை. வரிசையில் நிற்காமல் கிடைத்த பொருளுக்குக் கதை உருவாவதில்லை.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை இலக்கிய வாசகனாகப் படிக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம், 1948 அக்டோபர் 30 பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை. நுரையீரல் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்த ஆய்வு. நவீன மருத்துவ ஆய்வின் மூலப்பிரதி என்றே இதைச் சொல்லலாம்.

நண்பர் ஒருவரிடம் கொடுத்தபோது, "என்னய்யா இது, மனுஷ வாசனையே இல்லாம இருக்கு" என்றார். உண்மைதான். 107 நோயாளிகள், எல்லோரும் 15 முதல் 30 வயதுக்குள். இரண்டு நுரையீரலும் வேகமாக அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தவர்கள். 55 பேருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. மீதி 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. மூடிய உறைக்குள் இருந்த சீட்டு முடிவு செய்தது. ஆறு மாத முடிவில் முதல் குழுவில் 4 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 14 பேர். ஒரு பெயர் இல்லை, ஒரு முகம் இல்லை.

ஆனால் இந்த வறட்சியை நான் குறையாகப் பார்க்கவில்லை. இதற்கு முன் காசநோய்க்குத் தங்க உப்பை ஊசியாகப் போட்டார்கள். 1920களில் டென்மார்க்கில் தொடங்கிய வைத்தியம். "என் நோயாளி எழுந்து நடந்தார்" என்று டாக்டர்கள் சொன்ன கதைகளின் பலத்தில் அது வருடக்கணக்கில் ஓடியது. 1931இல் அமெரிக்காவில் காசைச் சுண்டி நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், தங்கம் நன்மை செய்யவில்லை, கெடுதல்தான் செய்தது என்று தெரிந்தது. பிழைத்தவன் கதை சொல்வான். செத்தவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1948 கட்டுரையின் உலர்ந்த நடை செத்தவர்களையும் அதே எடையில் கணக்கில் சேர்க்கிறது. அதன் அறம் அங்கே இருக்கிறது.

தமிழ் வாசகனுக்கு இந்தத் தேதி இன்னொரு விதத்தில் வலிக்கும். புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தது 1948 ஜூன் 30. கட்டுரை வெளிவந்தது சரியாக நான்கு மாதம் கழித்து. 'அந்த மருந்து மட்டும் கிடைத்திருந்தால்' என்று மனம் உடனே ஓடுகிறது. எனக்கும் ஓடியது. ஆனால் அந்த ஏக்கத்தை இந்த ஆய்வே தடுக்கிறது. ஒன்று, அவருக்கு 42 வயது. ஆய்வில் இருந்தவர்கள் முப்பதைத் தாண்டாதவர்கள். இரண்டு, கிருமி இந்த மருந்துக்குப் பழகிக்கொண்டதைக் கட்டுரையே பதிவு செய்கிறது. 1954இல் வந்த ஐந்தாண்டுக் கணக்கு இன்னும் கொடுமை: ஊசி பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்துவிட்டார்கள், பெறாத 52 பேரில் 35 பேர். ஒற்றை மருந்து சாவைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. கட்டுரை தன் வெற்றியையே நம்பவிடாமல் செய்கிறது. நம் எழுத்தாளர் வரலாறுகளில் எத்தனைக்கு இந்த நேர்மை உண்டு?

இவ்வளவு பாராட்டினாலும் ஓரிடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த 52 பேருக்கும் தாங்கள் ஒரு ஆய்வில் இருப்பது சொல்லப்படவில்லை. பெரும்பாலும் வேறு வார்டில் வைக்கப்பட்டார்கள். கட்டுரை இதை மறைக்கவில்லை. ஓரிரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது. பிரிட்டனிடம் மருந்து குறைவாக இருந்தது, எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை, ஆகவே இருப்பதை வைத்து உறுதியாகத் தெரிந்துகொள்வதே நியாயம் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் மருந்து இல்லை என்பது ஒன்று, சொல்லாமல் விட்டது இன்னொன்று. முதலாவது இரண்டாவதை நியாயப்படுத்தாது. எண்ணிக்கையில் சமமாக நடத்தப்பட்டவர்கள் பேச்சில் சமமாக நடத்தப்படவில்லை. இன்று நோயாளியிடம் விளக்கிக் கையெழுத்து வாங்காமல் இப்படி ஆய்வு நடத்த முடியாது. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இந்த 52 பேரும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கதை இங்கே முடியவில்லை. அந்த ஐந்தாண்டுக் கணக்கை எழுதியவர்களில் ஒருவரான வாலஸ் ஃபாக்ஸ், 1956இல் சென்னைக்கு வந்தார். ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு படுக்க வைத்தும், இன்னொரு பகுதியினரை நெரிசலான தங்கள் வீடுகளிலேயே விட்டும், இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தது அவர் குழு. 1959இல் முடிவு வந்தது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, சரியான மருந்து கிடைத்துவிட்டால் படுக்கை ஓய்வே அவசியமில்லை. அந்த 52 பேருக்குக் கொடுக்கப்பட்டது அது ஒன்றுதான்.

ரெம்டெசிவிர் விஷயத்திலும் 2022இல் இறுதி அறிக்கை ஒரு திருத்தம் சொன்னது: வென்டிலேட்டருக்குப் போகாமல் ஆக்ஸிஜனில் இருந்தவர்களுக்குச் சிறிதளவு பயன் உண்டு. மாமா ஆக்ஸிஜனில்தான் இருந்தார். அப்படியானால் அத்தை சொல்வது சரியா? எந்த ஆய்வும் ஒரு தனி மனிதரைப் பற்றி அதைச் சொல்லாது.

போன வாரமும் அத்தை அதே கதையைச் சொன்னார். நானும் தலையாட்டினேன். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதைப் பற்றி 1948ஆம் வருடத்து டாக்டர்களிடம் கேள்வி கேட்கிறவன் நான். மாமா சிரித்துக்கொண்டே காபியை எடுத்துக்கொண்டார்.