பல பெயர்கள், பல வகைமைகள்: குமுதம் எழுத்தாளர்களின் புனைபெயர்கள்

ஒரே எழுத்தாளர் வெவ்வேறு வகைப் புனைகதைகளை வெவ்வேறு புனைபெயர்களில் எழுதுவது தமிழ் வார இதழ்களில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. குமுதம் இதழில் பணியாற்றிய ரா.கி. ரங்கராஜன் (1927–2012), ஜ.ரா. சுந்தரேசன் (1932–2017) இருவரும் இவ்வழக்கத்தின் முதன்மையான உதாரணங்கள். இவர்களின் புனைபெயர்கள் மறைந்துகொள்வதற்காகச் சூட்டப்பட்டவை அல்ல. ஒரு கதையை வாசகர் எந்த மனநிலையில் வாசிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் அடையாளங்கள் அவை. அதனால் இவ்வெழுத்தாளர்கள் பெற்றது தொழில்தேர்ச்சி. இழந்தது, தங்கள் எழுத்து முழுமையாக மதிப்பிடப்படும் வாய்ப்பு.

பின்னணி

தமிழில் நவீன இலக்கியம் தொடங்கிய காலம் முதலே புனைபெயர்கள் உள்ளன. தொடக்கத்தில் அவை பெரும்பாலும் எழுத்தின் வடிவத்தை ஒட்டிப் பிரிந்தன. புதுமைப்பித்தன் கவிதைகளை வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரிலும், விமர்சனக் குறிப்புகளை ரசமட்டம் என்ற பெயரிலும் எழுதினார். க.நா. சுப்ரமண்யம் கவிதைக்கு மயன் என்ற பெயரை வைத்துக்கொண்டார். சுந்தர ராமசாமியின் கவிதைகள் பசுவய்யா என்ற பெயரில் வெளிவந்தன. கல்கி இசை விமர்சனங்களைக் கர்நாடகம் என்ற பெயரில் எழுதினார். இவர்கள் விஷயத்தில் புனைபெயர் மையப் பெயரின் கிளையாகவே இருந்தது. பசுவய்யா யார் என்று தெரிந்துதான் வாசகர்கள் அந்தக் கவிதைகளை வாசித்தனர்.

வார இதழ்களில் புனைபெயரின் பணி வேறு. அங்கே புனைகதைக்குள்ளேயே சமூகக்கதை, திகில்கதை, நகைச்சுவைக்கதை என்று வகைமைகள் பிரிந்தன. ஒவ்வொரு வகைமைக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது.

குமுதம்

குமுதம் 1947-ல் எஸ்.ஏ.பி. அண்ணாமலையை ஆசிரியராகக் கொண்டு தொடங்கப்பட்டது. ரா.கி. ரங்கராஜன், ஜ.ரா. சுந்தரேசன், புனிதன் மூவரும் அவருக்குத் துணையாகப் பல ஆண்டுகள் பணியாற்றினர். சிறுகதை, தொடர்கதை, துணுக்கு, சினிமா, கேள்வி-பதில் என எல்லாச் சுவைகளையும் ஒரே இதழில் அளிப்பது குமுதத்தின் முறை. அவற்றில் பெரும்பகுதியை ஆசிரியர் குழுவே எழுதியது. ஒரே இதழில் ஒரே பெயர் மூன்று நான்கு இடங்களில் வந்தால், பலரும் எழுதும் இதழ் என்ற தோற்றம் கலைந்துவிடும். புனைபெயர்களின் நடைமுறைக் காரணம் இதுவே.

இதற்கு வாசகர் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. சேலம் மாவட்டத்தின் ஆட்டையாம்பட்டி, ஜலகண்டாபுரம் போன்ற நெசவு ஊர்களில் வார இதழ் என்பது ஒருவர் வாங்கிப் பலர் வாசிக்கும் பொருள். டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் கிளை நூலகத்திலும் அது கைமாறும். தறி வேலைக்கு நடுவே கிடைக்கும் சிறிது நேரத்தில் இதழைப் புரட்டுபவருக்குக் கதையின் தலைப்பைவிட அதன் கீழுள்ள பெயரே வழிகாட்டி. இந்தப் பெயர் என்றால் திகில், இந்தப் பெயர் என்றால் சிரிப்பு என்று அவர் பழகிக்கொள்கிறார். அந்தப் பழக்கத்தை ஏமாற்றாமலிருப்பது எழுதுபவரின் பொறுப்பாகிறது.

ரா.கி. ரங்கராஜன்

கும்பகோணத்தில் பிறந்த ரா.கி. ரங்கராஜன் நாற்பதாண்டுகளுக்கு மேல் குமுதத்தில் பணியாற்றினார். சூர்யா என்ற பெயரில் உருக்கமான சிறுகதைகளையும், கிருஷ்ணகுமார் என்ற பெயரில் திகில்கதைகளையும், ஹம்சா என்ற பெயரில் வேடிக்கை நாடகங்களையும், மாலதி என்ற பெயரில் குறும்புக் கதைகளையும் எழுதினார். வினோத் என்ற பெயரில் அவர் எழுதிய ‘லைட்ஸ் ஆன்’ என்னும் சினிமாப் பகுதி புகழ்பெற்றது. ஆன்ரி ஷாரியரின் ‘பாப்பியான்’ நூலைப் ‘பட்டாம்பூச்சி’ என்று மொழியாக்கம் செய்தபோதும், ஆனந்த விகடனில் ‘நான், கிருஷ்ணதேவராயன்’ என்ற வரலாற்று நாவலை எழுதியபோதும் தன் சொந்தப் பெயரையே பயன்படுத்தினார்.

இந்தப் பிரிவினை எழுத்தில் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவருகிறது. திகில்கதைக்கு உரிய பெயரில் எழுதுபவர் முதல் பக்கத்திலேயே ஓர் ஐயத்தை எழுப்பியாக வேண்டும். நடுவில் நின்று வாழ்க்கையைப் பற்றிச் சிந்திக்க அவருக்கு இடமில்லை. உருக்கமான சிறுகதைக்கு உரிய பெயரில் எழுதுபவர் முடிவில் கண் கலங்கவைக்க வேண்டும். அங்கே நையாண்டி நுழைந்தால் கதை குலைந்துவிடும். ஒவ்வொரு வகைமையின் விதிகளையும் தனித்தனியாகக் கற்றுக் கையாண்டவர் ரா.கி. ரங்கராஜன். கதை எழுதுவதைக் கற்றுத்தரக்கூடிய தொழிலாக எண்ணி அவர் நடத்திய பயிற்சியும், ‘எப்படிக் கதை எழுதுவது’ என்ற நூலும் இந்த அனுபவத்திலிருந்து வந்தவை.

இதன் குறையும் இங்கேயே உள்ளது. நல்ல புனைகதையில் சுவைகள் கலந்தே வரும். துயரத்தின் நடுவே சிரிப்பு வரும், சிரிப்பின் அடியில் அச்சம் இருக்கும். சுவைக்கு ஒரு பெயர் என்று பிரித்துக்கொண்டால் அந்தக் கலப்பு நிகழாது. கலவை தேவைப்படும் ஒரு கதைக்கரு வந்தாலும், அதை எழுதுவதற்கு உரிய பெயர் பட்டியலில் இருப்பதில்லை.

ஜ.ரா. சுந்தரேசன்

ஜ.ரா. சுந்தரேசனின் பெயரிலுள்ள ‘ஜ’ ஜலகண்டாபுரத்தைக் குறிக்கும். அவர் பிறந்த ஊர் அது. சமூகக்கதைகளைச் சொந்தப் பெயரில் எழுதினார். யோகேஷ், வனமாலி, மிருணாளினி முதலிய பெயர்களையும் பயன்படுத்தினார். நகைச்சுவைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் பாக்கியம் ராமசாமி. பாக்கியம் அவருடைய தாயின் பெயர், ராமசாமி தந்தையின் பெயர். 1963 முதல் அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகள் இப்பெயரில் வெளிவந்தன. ஜெயராஜின் ஓவியங்கள் அவற்றுக்கு முகம் கொடுத்தன.

அப்புசாமி பொறுப்பில்லாத முதியவர், கைச்செலவுக்கும் மனைவியை நம்பியிருப்பவர். சீதாப்பாட்டி ஆங்கிலம் கலந்து பேசுபவர், பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவி. குடும்பத்தில் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கமான ஏற்பாட்டை இக்கதைகள் தலைகீழாக்கின. அப்புசாமியின் சென்னைப் பேச்சும் சீதாப்பாட்டியின் மிடுக்கான மொழியும் மோதுவதே அவற்றின் நகைச்சுவையின் அடிப்படை.

இங்கே புனைபெயரும் கதையுலகத்தின் பகுதியாகிவிடுகிறது. ‘பாக்கியம் ராமசாமி’ என்பதே ஒரு முதிய தம்பதியின் பெயர்போல ஒலிக்கிறது. முதிய தம்பதியைப் பற்றிய கதைகளை இன்னொரு முதிய தம்பதி சொல்வதுபோன்ற தோற்றம் கிடைக்கிறது. குமுதத்தின் பல புனைபெயர்களில் இது மட்டும் நிலைத்தமைக்கு இதுவும் காரணம் எனலாம். மற்றப் பெயர்கள் வகைமையை மட்டுமே சுட்டின. இப்பெயர் ஒரு குரலையும், அக்குரலுக்கு உரிய நிரந்தரக் கதைமாந்தரையும் கொண்டிருந்தது. ஆனால் இந்த வெற்றி சுந்தரேசனின் பிற எழுத்துகளை மறைத்துவிட்டது. அப்புசாமியை அறிந்தவர்களில் ஒரு பகுதியினரே பாக்கியம் ராமசாமியை அறிவர். ஜ.ரா. சுந்தரேசனின் சமூகக்கதைகளை வாசித்தவர்கள் அவர்களிலும் குறைவு.

பெண் பெயர்கள்

மாலதி, மிருணாளினி ஆகியவை ஆண்கள் வைத்துக்கொண்ட பெண் பெயர்கள். இதழுக்குப் பல குரல்கள் கிடைக்க இது உதவியது. ஆனால் பெண்ணின் பெயரைப் பார்த்துப் பெண்ணின் அனுபவம் என்று நம்பி வாசித்தவர்களுக்குக் கிடைத்தது, ஓர் ஆண் கற்பனை செய்த பெண்குரல். லட்சுமி, ராஜம் கிருஷ்ணன் போன்றோர் வார இதழ்களில் எழுதிக்கொண்டிருந்த காலமும் அதுவே. அக்கால இதழ்களில் பெண்கள் எழுதியவற்றை ஆராய்பவர், ஆசிரியர் பெயரை மட்டும் கொண்டு முடிவுக்கு வரக்கூடாது.

பெண் பெயரின் இன்னொரு பயன்பாட்டை வேணுகோபாலனிடம் (1931–2013) காணலாம். அவர் ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் ‘திருவரங்கன் உலா’, ‘மதுரா விஜயம்’ ஆகிய நாவல்களை எழுதினார். டெல்லி சுல்தானியப் படையெடுப்பின்போது திருவரங்கத்து உற்சவமூர்த்தி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்ட வரலாறு அவற்றின் களம். அவரே புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் குற்றக்கதைகளையும் பாலுறவைப் பேசும் கதைகளையும் எழுதினார். 1976-ல் திரைப்படமான ‘ஒரு ஊதாப்பூ கண் சிமிட்டுகிறது’ அப்பெயரில் வந்த கதை. குமுதத்தின் பெயர்கள் ஒரே வாசகரின் வெவ்வேறு மனநிலைகளுக்கானவை. வேணுகோபாலனின் இரு பெயர்களும் இரு வேறு வாசகர்களைத் தனித்தனியே வைத்திருந்தன. அகதா கிறிஸ்டி குற்றக்கதை வாசகர்களிடமிருந்து விலகி மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில் ஆறு நாவல்கள் எழுதியதை இதனுடன் ஒப்பிடலாம்.

ஒரே பெயர்

இவ்வழக்கத்திற்கு நேரெதிரான உதாரணம் சுஜாதா (1935–2008). அவருடைய இயற்பெயரும் ரங்கராஜன்தான். குமுதத்தில் ஏற்கனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பத்தைத் தவிர்க்கத் தன் மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். ஒரு ரங்கராஜன் பல பெயர்களில் பிரிந்தார். அவரால் பெயர் மாற்றிக்கொண்ட மற்றொரு ரங்கராஜன் குற்றக்கதை, அறிவியல் புனைகதை, வரலாற்று நாவல், ஸ்ரீரங்கத்து நினைவுக்கதைகள், கட்டுரைகள் அனைத்தையும் ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தார்.

விளைவு வெளிப்படையானது. கணேஷ்–வசந்த் கதைகளுக்காக வந்த வாசகர் அதே பெயரை நம்பி ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ வரை சென்றார். வகைமை மாறினாலும் நடை மாறவில்லை. ஆகவே ‘சுஜாதாவின் நடை’ என்று ஒன்றைச் சுட்டிப் பேச முடிந்தது. கிருஷ்ணகுமாரை விரும்பிய வாசகருக்குச் சூர்யாவிடம் செல்ல அப்படி ஒரு வழி இருக்கவில்லை. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் திறமைக்கும் பங்குண்டு. சுஜாதாவின் மொழி தனித்துவம் கொண்டது. ஆனால் அந்தத் தனித்துவத்தை வாசகர் கண்டுகொள்ள ஒற்றைப் பெயர் உதவியது என்பதை மறுக்க முடியாது.

இலக்கிய இடம்

பொதுவாசிப்புக்குரிய எழுத்து என்ற ஒரே சொல்லால் குமுதம் எழுத்தாளர்களை விமர்சகர்கள் கடந்துசெல்வதுண்டு. அவர்களின் படைப்புகளில் பெரும்பாலானவை வாசகரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதுடன் நின்றுவிடுபவை என்பது உண்மை. ஆனால் அப்படைப்புகள் ஒரே ஆசிரியரின் எழுத்தாகத் தொகுத்து வாசிக்கப்படாமலேயே அம்முடிவு எட்டப்பட்டது. சூர்யா, கிருஷ்ணகுமார், ஹம்சா, மாலதி நால்வரையும் அருகருகே வைத்து வாசித்தால்தான் ரா.கி. ரங்கராஜன் தன் நடையை எவ்வளவு தூரம் மாற்றிக்கொண்டார், எங்கே மாற்ற முடியாமல் நின்றார் என்று சொல்ல முடியும்.

இது நூற்பட்டியல் சார்ந்த சிக்கலும்கூட. நூலாக வராத கதைகள் பழைய இதழ்களிலேயே உள்ளன. அவற்றின்மேல் ஒரு புனைபெயர் மட்டுமே இருக்கும். அப்பெயர் யாருடையது என்று அறிந்த தலைமுறை மறைந்துவருகிறது. நூலகப் பட்டியல்களில் மாலதி ஒருவராகவும் ரா.கி. ரங்கராஜன் வேறொருவராகவும் நிலைத்துவிட்டால் பிறகு அவர்களை இணைக்க வழியிருக்காது. இவ்வெழுத்தாளர்களின் புனைபெயர்களையும் அப்பெயர்களில் வந்த கதைகளையும் முழுமையாகப் பட்டியலிடுவதே முதலில் செய்யவேண்டிய ஆய்வுப்பணி. அதற்குப் பின்னரே அவர்களின் இடத்தைப் பற்றிய விவாதம் நியாயமானதாக இருக்கும்.