கற்பனைக்கு விலைச் சீட்டு

பல நாட்டுச் சரக்குகள் வந்திறங்கும் துறைமுக நகரத்தார்க்கு, வந்த பொருளைத் தரம்பிரித்துக் காணும் கண் வேண்டும். 1996இல் ஜப்பானில் தோன்றி உலகெங்கும் சிறுவர் கைகளில் புழங்கும் போக்கிமான் அட்டைகளைத் திருகோணமலை ஆசிரியரும் அக்கண்கொண்டு ஆராய்தல் தகும்.

அவற்றில் கலையே இல்லை என்பது நேர்மையாகாது. மிட்சுஹிரோ அரிட்டா தீட்டிய சாரிசார்ட் என்னும் நெருப்புப் பறவைநாகம் கற்பனை வளம் மிக்க ஓவியமே. குறை ஓவியனிடத்தில் இல்லை. விற்பனை முறையில் இருக்கிறது. 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் தொகுதியில் 102 அட்டைகள். ஓர் உறைக்குள் 11. அவற்றுள் அரியது ஒன்றே. எது கிட்டும் என்றறியாமலே பிள்ளை பணம் கொடுக்க வேண்டும். அச்சியந்திரம் ஆயிரமாயிரமாய் அடித்துத் தள்ளக்கூடிய தாளுக்கு அருமை எங்கிருந்து வந்தது? அது வணிகர் வகுத்த பஞ்சம்!

1997-98இல் ஜப்பானியச் சிறுவர் இதழொன்றின் ஓவியப் போட்டிகளில் வென்றோர்க்குப் பிகாச்சு அட்டையொன்று பரிசளிக்கப்பட்டது. வரைந்த கைக்குச் செய்த மரியாதை அது. 2021இல் அவ்வட்டைகளுள் ஒன்று 52,75,000 டாலருக்குக் கைமாறியது. மரியாதை மறைந்தது, விலை எஞ்சியது.

கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காணும் பிள்ளை, பாறையைப் பிளந்த பத்துத்தலையோனைத் தன் மனத்திலே தானே தீட்டிக்கொள்கிறது. அக்கதைக்கு உரிமையாளருமில்லை, உறையுமில்லை. எனவே ஆசிரியர்களே, அட்டையைப் பறிப்பதில் பயனில்லை. தாளும் வண்ணமும் கொடுங்கள். யாளியையும் மகரத்தையும், இதுவரை எவரும் காணாத உயிர்களையும் பிள்ளைகள் வரையட்டும். வாங்க மட்டுமே பழகிய தலைமுறைக்கு அதன் கனவையும் பிறரே விலை குறித்து விற்பர்.