வர்ணம் பூசிய தருமம்

பழைய தளபாடமொன்றை எடுத்து, அதன்மேல் ஓவியந் தீட்டி, தரும காரியமொன்றின் பொருட்டு அதனை விற்பதோ வழங்குவதோ மேனாட்டு நகரங்களில் பெருவழக்காகிவிட்டது. கால் ஆடும் கதிரை, கதவு கழன்ற அலுமாரி, சுருதி கலைந்த பியானோ முதலியன ஓவியர் கைக்குப் போகின்றன. புதுக்கோலம் பூண்டு ஏலத்துக்கோ பொதுவிடத்துக்கோ வருகின்றன. இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாராட்டோடு நின்றுவிடுகின்றனர். நோக்கம் நல்லதாயிருக்குமிடத்துக் கலையை ஆராய்வது பண்பற்ற செயல் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் தவறானது. விமர்சகன் வாய்மூடி நிற்குமிடத்திலேதான் போலிக் கலை துணிவு பெறுகின்றது. சமுதாய நோக்குடைய இலக்கியம் வேண்டுமென வாதிடும் நமக்கு இப்பிரச்சினை அந்நியமானதுமன்று.

நன்கறியப்பட்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டில் லூக் ஜெரம் என்ற ஆங்கிலக் கலைஞர் பேர்மிங்ஹாம் நகரின் பொதுவிடங்களில் 15 பழைய பியானோக்களை வைத்தார். எவரும் வந்து வாசிக்கலாம் என்பதே ஏற்பாடு. தாம் செல்லும் பொதுச் சலவைக்கூடத்திலே வாரந்தோறும் அதே மனிதர் கூடியும் ஒருவரோடொருவர் பேசாதிருந்ததைக் கண்டே இந்த எண்ணம் உதித்ததென அவர் கூறியுள்ளார். 2010இல் இம்முயற்சி நியூயோர்க்கை அடைந்தது. 'சிங் ஃபோர் ஹோப்' என்னும் கலைஞர் அமைப்பின் துணையோடு 60 பியானோக்கள் அலங்கரிக்கப்பட்டுப் பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் வைக்கப்பட்டன. மறு ஆண்டில், பியானோவின் கட்டைகள் எத்தனையோ அத்தனையாக, 88 வைக்கப்பட்டன. காட்சிக் காலம் முடிந்தபின் அவை பாடசாலைகளுக்கும் சமூக நிலையங்களுக்கும் வழங்கப்பட்டன.

இங்கு வர்ணம் செய்த பணி யாது? கறுப்பு மெருகிட்ட பியானோ செல்வர் வீட்டு வரவேற்பறையை நினைவூட்டுவது. 'தொடாதே' என்பது அதன் மௌனக் கட்டளை. அதன் உடலிலே பூவும் மீனும் தெருக்காட்சியும் ஏறியவுடன் அக்கட்டளை வலுவிழக்கின்றது. முறைப்படி பயின்றவனேயன்றி, ஒரு விரலால் ஒரு மெட்டைத் தேடுபவனும் அதனருகே அமரத் துணிகின்றான். கட்டணமில்லை, நுழைவுச்சீட்டில்லை. ஆகவே அவ்வர்ணத்தை ஓர் அழைப்பு எனலாம். பியானோவைச் சுற்றித் திரளும் மக்கள் கூட்டமே கலைப்படைப்பின் நிறைவு. ஓவியம் அதற்கு வாயில் மட்டுமே.

அழைப்பு எனினும் அதற்கும் ஓர் ஒழுங்குண்டு. பியானோவினுள்ளே ஏறத்தாழ 230 தந்திகள் உள. அவற்றின் இழுவிசை மொத்தமாக 18 தொன் அளவினது. அதனை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகின்றது. மெல்லிய மரப்பலகையொன்று நாதத்தைப் பெருக்குகின்றது. வெளிப்பெட்டியில் வர்ணம் பூசினால் இசைக்குப் பெருங்கேடில்லை. பலகையிலும் பொறியிலும் பூச்சை அப்பினால் கருவி ஊமையாகும். எந்த மரத்தைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்றறிந்த ஓவியனே கருவியை மதிப்பவன். உருவம், உள்ளடக்கம் என்று நாம் ஓயாது விவாதிக்கும் பொருளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டியதில்லை.

இனி ஏலத்துக்கு வரும் கதிரையை நோக்குவோம். உட்காரும் பலகையிலே முகமொன்று தீட்டப்பட்டிருக்கும். முதுகுச் சட்டத்திலே கண்ணாடிச் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கும். ஆடிய கால் ஆடியபடியே இருக்கும்! வாங்கும் செல்வர் அதனை வீட்டு மூலையிலே வைப்பார். எவரும் அதில் அமரார். தச்சனொருவன் மனிதர் அமர்வதற்கெனச் செய்த பொருள், தருமத்தின் பெயரால் தன் பயனை இழந்து, வாங்கியவரின் ஈகைக்குச் சான்றுப் பத்திரமாகிவிடுகின்றது. பியானோவிலே வர்ணம் பொருளை மக்களுக்குத் திறந்துவிட்டது. கதிரையிலோ அது பொருளை மூடிவிட்டது. திரட்டப்பட்ட பணம் நற்காரியத்துக்குப் போயிருக்கலாம். அதற்காக நன்றி கூறுவோம். ஆயினும் அந்நன்றியைக் கலைக்கான மதிப்பெண்ணாக மாற்றிவிடலாகாது.

உழைப்பைப் பற்றிய கேள்வியும் உண்டு. தளபாடத்துக்கு ஓவியந் தீட்டுவது புதிய எண்ணமன்று. 1913இல் றோஜர் ஃபிறை லண்டனில் 'ஒமேகா' பட்டறையைத் தொடங்கினார். பிறர் செய்த மேசை, கதிரைகளை வாங்கி இளம் ஓவியர்களைக்கொண்டு அவற்றை அலங்கரித்து விற்பது அதன் தொழில்களில் ஒன்று. எவரும் தம் பெயரை இடுவதில்லை. பட்டறையின் கிரேக்க எழுத்து மட்டுமே பொறிக்கப்படும். பகுதி நேர வேலைக்கு வாரம் 30 சிலிங் வரை ஓவியர் பெற்றனர். வறிய ஓவியனுக்கு நிலையான வருவாய் வேண்டும் என்பதை ஃபிறை உணர்ந்திருந்தார். ஆயினும் அப்பொருள்களில் பலவற்றின் வேலைப்பாடு உறுதியற்றது. வாங்கியோரும் வசதி படைத்தோரே. 1919இல் பட்டறை மூடப்பட்டது. அவருக்கு முன்னரே, 1861இல் அலங்காரக் கலைக்கென நண்பர்களோடு நிறுவனமொன்று கண்ட வில்லியம் மொறிஸ், தமது நற்பொருள்கள் செல்வர் மனைகளையே சென்றடைவது கண்டு மனம் வெதும்பினார். கலையை மாற்றவேண்டுமாயின் அதனைச் சூழ்ந்த வாழ்க்கையையும் மாற்றவேண்டும் என்ற முடிவு 1883இல் அவரைச் சோசலிச இயக்கத்துக்குக் கொண்டுசென்றது. தரும விழாவிலோ ஓவியன் பெரும்பாலும் தன் உழைப்பை இலவசமாகத் தருகின்றான். தச்சனின் பெயரை எவரும் கேட்பதில்லை. விழாவை நடத்தும் வள்ளலின் பெயரே பெரிதாக எழுதப்படுகின்றது.

நியூயோர்க்கின் பியானோக்கள் சென்றடைந்த பாடசாலைகளின் நிலையையும் மறத்தலாகாது. 2014இல் அந்நகரின் நிதிக் கண்காணிப்பாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2006க்கும் 2013க்கும் இடையில் பாடசாலைகளின் கலைப் பொருள்களுக்கும் கருவிகளுக்கும் செலவிடப்பட்ட தொகை 84 சதவீதம் குறைந்தது. ஐந்தில் ஒரு பங்கு அரச பாடசாலைகளில் கலையாசிரியரே இல்லை. வறியோர் வாழும் தென் புரொங்ஸ், மத்திய புறூக்ளின் பகுதிகளே இக்குறையைப் பெரிதும் சுமந்தன. ஆசிரியத் தொழில் செய்வோர் இதன் பொருளை எளிதில் உணர்வர். சுருதி கூட்ட ஆளில்லாத, கற்பிக்க ஆசிரியரில்லாத மண்டபத்தில் அழகிய பியானோ சில ஆண்டுகளில் மீண்டும் பழைய தளபாடமாகிவிடும். உரிமையாகக் கிடைக்கவேண்டியது பறிபோய், அதில் ஒரு சிறு கூறு பரிசாகத் திரும்பி வருகின்றது! இதற்குக் கொடையாளர்மீது பழி கூறுவது அறமன்று. அவர்கள் இயன்றதைச் செய்தனர். பரிசின் பளபளப்பிலே பறிபோனதை மறந்துவிடும் சமுதாயத்தின் மீதே நம் கண்டனம்.

கொழும்பிலே 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றார். அவருடைய 'இடைக்காலச் சிங்களக் கலை' 1908இல், மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியிலே 425 பிரதிகளாக அச்சேறியது. கண்டி நாட்டுக் கைவினைஞரின் பெட்டியும் செப்பும் கதவும் அந்நூலில் ஆராயப்பட்டுள்ளன. அவற்றிலே அலங்காரம் பொருளின் பயனோடு ஒன்றி வளர்ந்தது. வினைஞனுக்கு ஊரில் நிலமும் மதிப்பும் இருந்தன. அக்கால அமைப்பு மீண்டும் வரவேண்டுமென நாம் விரும்பவில்லை. அதன் சாதிக்கட்டு நாம் அறியாததன்று. ஆயினும் அழகும் பயனும் உழைப்பும் ஒன்றையொன்று பிரிந்தால் மூன்றுமே நலியும் என்ற உண்மை நிலைத்து நிற்கின்றது.

இவ்வுண்மை நம் எழுத்துக்கும் பொருந்தும். ஏழையைப் பற்றி எழுதினோம் என்பதற்காகவே மதிப்பெண் கோரும் கதைகள் நம்மிடையே குறைவல்ல. உறுதியற்ற கதையின் மேல் இரக்கம் என்னும் வர்ணத்தைப் பூசிவிட்டு, நோக்கத்தைப் பார்க்குமாறு கேட்கின்றோம். வாசகனோ அதில் அமர்ந்து பார்க்கின்றான்; கால் ஆடுகின்றது. முதலில் காலைச் செப்பனிடுவோம். வர்ணத்தை அதன்பின் பூசுவோம். ஏழைக்குத் தரும் பொருள் குறைபாடுடையதாயிருக்கலாம் என்ற நினைப்பு அவனை அவமதிப்பதாகும்.